இரண்டு சம்பந்திகளும் ஓர் எலிக்காவலும்

நவம்பர் 2, ஞாயிறு

பிரஷர் 158/96.

டொக்டர் ஒவ்வொரு நாளும் பிரஷரை அளந்து எழுதி வைக்கச் சொன்னார். நம்பர் மட்டும் போதும் என்றார். நம்பரை மட்டும் எழுதினால் காரணம் அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே காரணத்தையும் எழுதுகிறேன்.

காரணம் ட்ரெய்லர்.

என் மகன் நிரோஜனின் கலியாணத்துக்குப் பிறகு, நானும் பெண்ணின் தகப்பன் அருளம்பலமும் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு காம்பிங் ட்ரெய்லர் வாங்கிக் கொடுத்தோம். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் நிறுத்தலாம். உள்ளே கட்டில், மேசை, அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. ஒவ்வொரு கோடையும் போனோம். பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவர்கள் நாலு பேர். இந்த ஓகஸ்ட்டில் நிரோஜனும் துஷானியும் பிரிந்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "சரிவரேல்லை." இந்த ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

ட்ரெய்லரின் பத்திரம் எங்கள் இரண்டு கிழவர்களின் பேரிலும் இருக்கிறது. இனி அதை வைத்து என்ன செய்வது? விற்கத்தான் வேண்டும். வாங்குகிறவர்கள் பனி போனால்தான் வருவார்கள். அதுவரை கனடாவில் நாங்கள் இருக்கிற ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி வில்லெம் என்ற வெள்ளைக்காரரின் பண்ணையில் நிற்கும். பண்ணை என்றால் எலி. எலி குடியிருந்த ட்ரெய்லரை ஒருவரும் வாங்கமாட்டார்கள். எனவே நிரோஜன் ஒரு ஒழுங்கு சொன்னான்: சனிக்குச் சனி, ஒரு கிழமை நான் போய்ப் பார்ப்பது, மறு கிழமை அருளம்பலம் போய்ப் பார்ப்பது. இரண்டு பேரும் சந்திக்கத் தேவையில்லை. விற்றதும் அந்தக் குடும்பத்தோடு தொடர்பு முடிந்தது.

நல்ல ஒழுங்கு என்று சொன்னேன்.

இதை எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. அவரை நான் இவ்வளவு வருஷமும் "சம்பந்தி" என்றுதான் கூப்பிட்டேன். இனி அது பிழை. "அருளம்பலம்" என்று மொட்டையாக எழுதக் கை கூசுகிறது. "அந்தாள்" என்று எழுதிப் பார்த்தேன். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த என் மனைவி தவமலர், "மனுசருக்குப் பேர் இருக்கு. பேரை எழுதுங்கோ" என்றாள்.

நவம்பர் 8, சனி

முதல் கிழமை என்னுடையது.

சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை இருந்தால் சுண்டெலிக்குப் போதும் என்று வில்லெம் சொன்னார். அவர் சுண்டுவிரல் என் பெருவிரல் அளவு இருந்தது. எந்த அளவை எடுப்பது என்று கேட்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஈரப் புல்லில் மல்லாந்து படுத்து ட்ரெய்லருக்கு அடியில் தவழ்ந்தேன். தண்ணீர்க் குழாய் போகிற இடம், காஸ் குழாய் போகிற இடம், வயர் போகிற இடம் எல்லாவற்றிலும் சட்டி தேய்க்கிற கம்பித் தும்பை அடைத்தேன். எலி அதைக் கடிக்காதாம். பல்லுக் கூசுமாம். உள்ளே இருந்த சவர்க்காரம், மெழுகுதிரி, தேயிலைப் பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கடைசியாகப் பஞ்சில் புதினா எண்ணெய் நனைத்து மூலைக்கு மூலை வைத்தேன். எலிக்குப் புதினா மணம் ஆகாது.

தவமலருக்கும் ஆகாது. உடுப்பைக் கராஜில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்றாள்.

நவம்பர் 22, சனி

பிரஷர் 164/98. காரணம் கீழே.

கதவைத் திறந்ததும் மூக்கில் அடித்தது புதினா அல்ல, பூச்சி உருண்டை. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள், தலையணை உறைக்குள், எங்கே பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாக. என்னுடைய புதினாப் பஞ்சுகள் ஒன்று தவறாமல் ஒரு பைக்குள் போடப்பட்டு வெளியே கைபிடியில் தொங்கின. போன முறை நான் சீஸ் குத்தி வைத்த எலிப்பொறியில் சீஸைக் காணவில்லை. நெத்தலிக் கருவாடு இருந்த மணம் மட்டும் இருந்தது. ஊர் எலிக்குச் சரி. ஒன்ராறியோ எலிக்கு யார் நெத்தலி பழக்கினது?

ஆனால் பொறி அடிக்கவில்லை, நெத்தலியைக் காணவுமில்லை. பழகிவிட்டது போலத்தான் கிடக்கிறது.

பூச்சி உருண்டைகளைப் பொறுக்கி அதே பைக்குள் போட்டு அதே கைபிடியில் தொங்கவிட்டேன். புதினாவைத் திரும்ப வைத்தேன்.

வந்து தவமலரிடம் சொன்னேன். "அவருக்கு உப்பிடித்தான். பூச்சி உருண்டை இல்லாமல் ஒரு அலுமாரியும் இல்லை. இந்த முழங்கால் நோவோடை குனிஞ்சு குனிஞ்சு வைச்சிருக்கிறாரே, பாவம்" என்றாள்.

"முழங்கால் நோ எப்ப வந்தது?"

"வயசு போனா வராதோ?" என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

நவம்பர் 29, சனி

அருளம்பலத்தின் கிழமை. எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. காரைக் கழுவினேன். கழுவி முடியப் பனி கொட்டியது. 160/97.

டிசம்பர் 6, சனி

ட்ரெய்லருக்குள் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. நாலு அடி பின்னுக்கு வந்துவிட்டேன். பிறகு கவனித்துக் கேட்டால் தமிழ் றேடியோ. மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. மனுசக் குரல் கேட்டால் எலி வராது என்று அருளம்பலம் ஒரு பற்றரி றேடியோவை அலறவிட்டுப் போயிருக்கிறார். அவர் யோசனை அப்படித்தான் இருக்கும். பிறந்த ஊர், புகுந்த ஊர், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வாசித்துக்கொண்டே போனார்கள். பண்ணை எலிகளுக்கு இப்போது யாழ்ப்பாணத்து வடமராட்சிக் குடும்பங்கள் எல்லாம் அத்துப்படியாக இருக்கும்.

நிறுத்திவிட்டு வந்திருக்கலாம். அவருடைய பற்றரி, அவர் நிறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன். இருந்து செய்திவரை கேட்டேன்.

மேசையில் ஒரு எவர்சில்வர் டின். இறுக்க மூடியது. திறந்து பார்த்தேன், பருத்தித்துறை வடை. அவருடைய மனைவி புவனம் சுடுகிற வடை. தட்டையாக, கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். எலி இருக்கிற இடத்தில் சாப்பாட்டுச் சாமான் வைக்கக்கூடாது என்பது முதல் விதி. டின் எலிக்குத் தாக்குப்பிடிக்குமா என்று சோதிப்பதற்காகத் திறந்து மூடினேன். சோதனையில் இரண்டு வடை போய்விட்டது.

டிசம்பர் 20, சனி

டின் நிரம்பி இருந்தது. நான் எடுத்ததை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

புதினாப் பஞ்சும் இருந்தது, பூச்சி உருண்டையும் இருந்தது. கட்டிலின் இடப்பக்கம் புதினா, வலப்பக்கம் உருண்டை. அவர்தான் அப்படிப் பிரித்திருக்கிறார். தலையிடி வந்ததே ஒழிய எலி இல்லை.

வரும்போது மேசையில் ஒரு பக்கற் ஏலக்காய்த் தேயிலையை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். தேயிலையை எலி தின்னாது.

ஜனவரி 3, சனி

அடுப்பில் தேத்தண்ணி வைத்த அடையாளம். தேயிலைப் பக்கற் பாதி. தவமலர், "என்ன, அவர் தேத்தண்ணி குடிச்சாராமோ?" என்று கேட்டாள். "எனக்கு எப்படித் தெரியும், நாங்கள் கதைக்கிறேல்லையே" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை.

ஜனவரி 17, சனி

இன்றைக்குக் கனக்க எழுத இருக்கிறது.

காலையில் பனி கொட்டப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். நான் இன்றைக்கு விடுவோம் என்றேன். தவமலர்தான், "எலிக்கு வானிலை அறிக்கை தெரியுமோ, போட்டு வாங்கோ" என்று அனுப்பினாள். பைக்குள் இரண்டு பிளாஸ்க் மல்லித் தண்ணி வைத்தாள். எனக்கு எதற்கு இரண்டு என்று கேட்டேன். "குளிர் நாள். கிடக்கட்டும்" என்றாள்.

பண்ணை வாசலில் ஒரு கார் பனிக்குவியலுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் மண்ணிறக் குரங்குத் தொப்பியோடு அருளம்பலம். போன சனி தடிமன் காய்ச்சல் வந்து வரமுடியவில்லையாம். அதற்குப் பதிலாக இன்றைக்கு வந்தாராம்.

ஓகஸ்ட்டுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.   காரைத் தள்ளினேன். கார் இன்னும் உள்ளே போனது. வில்லெம் வந்து பார்த்துவிட்டு, முதலில் மாட்டுக்கொட்டிலுக்குப் பாதை வெட்டவேண்டும், பிறகுதான் ட்ராக்டர் இங்கே வரும், மத்தியானம் ஆகும் என்று போய்விட்டார். எனது கார் உள்ளே வந்த வழியையும் பனி மூடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் ட்ரெய்லரடிக்குப் போனோம். நான் முதலில் ஏறினேன். வாய்ப்பழக்கத்தில், "வாங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

"என்ரை ட்ரெய்லருக்கு என்னை நீங்கள் வாங்கோ எண்டு கூப்பிடத் தேவையில்லை" என்றார்.

"பாதிதான் உங்கடை."

"எந்தப் பாதி?"

"கதவு இருக்கிற பாதி என்ரை."

"அப்ப நான் ஜன்னலாலை வரட்டோ?"

குளிரில் நின்று யோசிக்கக்கூடிய கேள்வி அல்ல. ஏறிவிட்டார். ஹீற்றரைப் போட்டேன். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். றேடியோவைப் போட்டால் அன்றைக்கென்று யாருக்கோ கலியாண வாழ்த்து. அவசரமாக நிறுத்தினார்.

நிறுத்தின கையோடு தொடங்கினார். "உங்கடை மகன் அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளாவது வாய் திறந்து நல்ல வார்த்தை சொன்னவனோ?"

"உங்கடை மகள் வாயை மூடினால்தானே அவன் திறக்கிறதுக்கு?"

"என்ரை பிள்ளை வேலையாலை வந்து, சமைச்சு, உடுப்புத் தோய்ச்சு..."

"ஆர் தோய்ச்சது? மெஷின் தோய்ச்சது! அந்த மெஷினையும் நிரோஜன்தான் திருத்தினவன்!"

"மெஷினைத் திருத்தினவருக்குத் தன்னைத் திருத்தத் தெரியேல்லையே!" என்று துள்ளி எழும்பினார். மேல் அலுமாரியில் தலை 'டொங்' என்று பட்டது. அப்படியே இருந்துவிட்டார்.

"நொந்ததோ?"

"இல்லை."

"வீங்குது."

"வீங்கட்டும்."

வெளியே போய்த் துவாயில் பனி அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். தலையில் வைத்துக்கொண்டார். மல்லித் தண்ணி ஊற்றினேன். இரண்டாவது பிளாஸ்க் நல்லவேளை இருந்தது. அவர் வடை டின்னை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் கடித்தோம். அந்தச் சத்தத்துக்கு மேலால் கட்டிலுக்கு அடியில் 'சடார்' என்று ஒரு சத்தம்.

"அடிச்சிட்டுது!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். கை குலுக்கினோம். குலுக்கி முடியும் முன்னம் ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டோம்.

பொறியை இழுத்துப் பார்த்தால் மிகச் சின்னது. வெள்ளை வயிறு, பெரிய காது. இரண்டு மாதமாக இந்தப் பிராணிக்காகத்தானா இவ்வளவு பாடும் என்று இருந்தது. அருளம்பலம் அதைப் பேப்பரில் சுற்றி, நொண்டி நொண்டி வேலியடிக்குக் கொண்டுபோய் வைத்துப் பனியால் மூடிவிட்டு வந்தார். முழங்கால் உண்மையாகவே நோதான்.

"உதுக்கும் தாய் தேப்பன் இருக்கும்" என்றார்.

சம்பந்திகளும் இருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

வில்லெம் வந்து இரண்டு காரையும் இழுத்துவிட்டார்.

பின்னேரம் பிரஷர் 136/84. வருஷக் கணக்கில் இவ்வளவு குறைந்தது இல்லை. உப்பைக் குறைத்ததன் பலன்.

ஜனவரி 31, சனி

அருளம்பலம் வந்திருந்தார். தன் கிழமை என்று நினைத்தாராம். 138/84.

பெப்ரவரி 7, சனி

நான் போனேன். என் கிழமை என்று நினைத்துவிட்டேன்.

பெப்ரவரி 21, சனி

இந்தக் கிழமை மாறாட்டத்துக்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவரும் கட்டாயம் கட்டவேண்டும் என்றார். பிறகு காட்ஸ் விளையாடினோம். கள்ள ஆட்டம் ஆடுகிறார். மகளும் அவரைப் போலத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னேன். "அவள் உங்களிட்டைப் பழகினதெண்டெல்லோ சொன்னவள்" என்றார். துஷானிக்கு நான் அந்த ஆட்டத்தைப் பழக்கியது உண்மை. 

மார்ச் 28, சனி

அருளம்பலம் முழங்காலுக்கு டொக்டரிடம் போனதால் தனியே போனேன்.

கட்டிலுக்குக் கீழ் இழுக்கிற லாச்சியைத் திறந்தேன். மெத்தைப் பஞ்சை இழுத்து இழுத்து ஒரு கோப்பை மாதிரிக் கூடு. அதற்குள் ஐந்தோ ஆறோ எலிக்குஞ்சுகள். றோஸ் நிறம், மயிர் இல்லை, கண் திறக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்று கிடந்து மூச்சு வாங்கின. தாய் லாச்சியின் மூலையில் நின்று என்னையே பார்த்தது. ஓடவில்லை.

விதிப்படி உடனே அகற்றவேண்டும். ஆனால் வெளியே சரியான குளிர். கையுறையும் கொண்டுபோகவில்லை. (கொண்டுபோன கையுறை தோட்ட வேலைக்கானது, இதற்குப் பொருந்தாது.) எப்படியும் அடுத்த கிழமை அருளம்பலத்தின் கிழமை, அவர் கண்டு செய்யட்டும். லாச்சியைச் சத்தம் கேட்காமல் மூடினேன்.

பின்னேரம் அவர் ரெலிபோன் எடுத்து, "என்ன மாதிரி?" என்று கேட்டார். "ஒண்டும் இல்லை" என்றேன்.

ஏப்ரல் 4, சனி

அருளம்பலம் எடுத்தார். "ஒண்டும் இல்லை" என்றார். லாச்சியைத் திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. அக்கறையாகப் பார்க்கிற ஆள் இல்லை.

ஏப்ரல் 11, சனி

லாச்சிக்குள் கூட்டைச் சுற்றி மருந்துக்கடைப் பஞ்சு வைத்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று, பக்கற்றில் வருகிற பஞ்சு. பக்கத்தில் ஒரு துண்டு வடை. எலி எங்கேயோ இருந்து கொண்டுவந்திருக்கவேண்டும். இறுக்கி மூடின டின்னை அது எப்படித் திறந்தது என்பது ஆச்சரியம்.

குஞ்சுகளுக்கு மயிர் வந்துவிட்டது.

ஏப்ரல் 18, சனி

பிரஷர் 170/100. வில்லெம் தன் மெஷினில் அளந்தது. மாட்டு டொக்டர் கொடுத்த மெஷினோ தெரியாது.

நிரோஜன் விளம்பரம் போட்டு, வேலையால் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி ட்ரெய்லர் பார்க்க வந்தார்கள். நானும் அருளம்பலமும் சேட், காற்சட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு நின்றோம். எலி உண்டா என்று மனுசி கேட்டா. "ஒன்றுகூட இல்லை" என்று நான் சொன்னேன். "குளிர்காலம் முழுக்க நாங்கள் காவல்" என்று அவர் சொன்னார். மனுசி அடுப்பைப் பார்த்தா, மெத்தையை அமத்திப் பார்த்தா. பிறகு லாச்சியில் கை வைத்தா. நான், "அது இறுகிப்போச்சு, திறக்க வராது" என்றேன். அருளம்பலமும் அதே நேரத்தில் அதையே சொன்னார். மனுசி இழுத்தா. நல்ல சுகமாக வந்தது.

ஒரே பாய்ச்சலில் முழுக் குடும்பமும் வெளியே வந்தது. ஒன்று மனுசியின் சப்பாத்தில் ஏறி இறங்கியது. அவ போட்ட சத்தத்துக்கு வில்லெமின் மாடுகள் திரும்பிப் பார்த்தன. அவர்களுடைய கார் போன வேகத்தில் வாசலில் புழுதி எழும்பியது.

"பார்த்தியளோ! போன கிழமை உங்கடை கிழமை!" என்று அருளம்பலம் கத்தினார்.

"அதுக்கு முதல் கிழமை உங்கடை!"

"நான் பாக்கேக்கை அதுகள் கண்ணே திறக்கேல்லை!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னார் என்று அவருக்கு விளங்கியது. நான் அவரைப் பார்த்தேன். அவர் மாடுகளைப் பார்த்தார்.

"பஞ்சு வைச்சது நீங்களோ?" என்று கேட்டேன்.

"குளிரெல்லோ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்குப் பஞ்சு இருந்தது எப்பிடித் தெரியும்?" என்றார்.

நான் வானத்தைப் பார்த்தேன். மழை வரும்போல் இருந்தது.

ஏப்ரல் 25, சனி

எலிகள் தாமாகவே வயலுக்குப் போய்விட்டன. கழுவித் துடைக்கவேண்டும் என்று தவமலரும் புவனமும் வந்தார்கள். ஓகஸ்ட்டுக்குப் பிறகு ஒருவரை ஒருவர் காணாத இரண்டு மனுசிகள், என்ன நடக்குமோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். காரால் இறங்கின தவமலர், "அப்ப அந்தச் சீலையை மாத்திப்போட்டியோ?" என்றாள். "மாத்திப்போட்டன். நீ சொன்ன நீலம்தான்" என்றா புவனம். எட்டு மாதம் கதைக்காதவர்கள் இப்படியா தொடங்குவார்கள் என்று யோசிக்க வெளிக்கிட்டேன். மேசையைத் துடைக்கச் சொன்னார்கள். யோசனை அதோடு நின்றது.

பத்து மணிபோல இரண்டாவது ஆட்கள் வந்தார்கள். இளம் பெடியனும் பெட்டையும். நான் இந்த முறை முதலே, "எலி இருந்தது" என்று சொல்லிவிட்டேன். "பரவாயில்லை" என்றான் பெடியன். உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யப்போகிறார்களாம்.

"வயரையும் கடிச்சிருக்கும்" என்றார் அருளம்பலம்.

"மாற்றலாம்."

"மழைக்குக் கூரை ஒழுகும்" என்றேன். ஒழுகாது.

"அடைக்கலாம்."

"பிறேக் பிடிக்கிறது குறைவு" என்றார் அருளம்பலம்.

"சில்லு ஒருபக்கம் இழுக்கும்" என்றேன்.

பெடியன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "கேட்ட விலைக்கே எடுக்கிறோம். இப்போதே கையெழுத்துப் போடலாமா?" என்றான். பத்திரத்தை மேசையில் வைத்தார்கள். நான் துடைத்த மேசை.

அருளம்பலம் சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடி கொண்டரேல்லை" என்றார். கண்ணாடி மூக்கில் இருந்தது. நான் பேனையை எடுத்து எழுதிப் பார்த்து, "எழுதுதில்லை" என்றேன். அந்தப் பெட்டை தன் பேனையைத் தந்தாள். நல்ல பேனை.

  அவரைப் பார்த்தேன். அவர் முதலில் போடட்டும் என்று நான் நின்றேன். நான் முதலில் போடட்டும் என்று அவர் நின்றார். இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள்.

"நான் போடமாட்டன்" என்றார் அருளம்பலம். தமிழில் சொன்னார். அந்தப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை.

"ஏன்?"

"உதை வித்தால் பிறகு சனிக்கிழமையிலை நான் எங்கை போறது?"

எனக்கு வாயில் வந்ததெல்லாம், "ஊருலகம் என்ன சொல்லும்? பிள்ளையள் பிரிஞ்சிட்டுதுகள், தேப்பன்மார் ட்ரெய்லரிலை சுத்துகினம் எண்டு சிரிக்காதுகளோ?" என்பதுதான்.

வெளியே சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மெத்தையை அடித்துக்கொண்டிருந்த புவனம் ஜன்னலால் எட்டிப் பார்த்தா. "அண்ணை, அதுகள்தான் டிவோர்ஸ் எடுத்ததுகள். நீங்கள் ரெண்டு பேரும் எப்ப எடுத்தனீங்கள்?"

தவமலர் பின்னால் நின்று சிரித்த சிரிப்பில் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடி கீழே விழுந்தது.

பெடியனிடம் பேனையைத் திருப்பிக் கொடுத்தேன். விற்கிறதில்லை என்று சொன்னேன். அப்படியானால் ஏன் விளம்பரம் போட்டீர்கள் என்று கேட்டான். நியாயமான கோபம்.  புவனம் ஒரு பை வடை கொடுத்து அனுப்பினா. அவர்கள் போன பிறகு அருளம்பலத்தை ஏசினேன். இவ்வளவு பேரையும் மினக்கெடுத்திவிட்டார் என்று நன்றாகவே பேசினேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்தேன்.

மே 9, சனி

ட்ரெய்லரை எங்கள் வீட்டுக்கு இழுத்துவர நிரோஜன் வந்தான். அருளம்பலம் வருவார் என்று அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டான்.

அவரைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். "ஹலோ அங்கிள்" என்றான். மாமா என்று கூப்பிட்ட வாய்.  அருளம்பலம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தவமலர் என் கையைக் கிள்ளினாள். நான் என்ன செய்ய?

நிரோஜன் தன் வான் வண்டியில் ஏறிப் பின்னுக்கு எடுத்தான். கோணலாகப் போனது. திரும்ப எடுத்தான். இன்னும் கோணல், வேலித் தூணில் முட்டப்போனது.

"தம்பி!" என்று ஒரு சத்தம். அருளம்பலம் நொண்டிக்கொண்டு ஓடினார். "ஸ்டியரிங்கை ஒடியும்! மற்றப் பக்கம் ஒடியும்! உமக்கு எத்தினை தரம் சொன்னனான், கண்ணாடியைப் பாரும் எண்டு! எங்கை ஐசே லைசன்ஸ் எடுத்தனீர்?"

நிரோஜன் தலையை வெளியே நீட்டினான். "எந்தப் பக்கம் மாமா?"

"இந்தப் பக்கம்! மெள்ள! மெள்ள எண்டால் மெள்ள!"

அவன் கண்ணை மூடிக்கொண்டும் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கிற பெடியன். வேலையே பெரிய லொறிகளோடுதான். இன்றைக்கு நாலைந்து தரம் பிழையாக எடுத்தான். ஏனென்று தெரியாது. ஒவ்வொரு தரமும் அருளம்பலம் வாயில் வந்தபடி பேசினார். கடைசியில் கொழுவி முடிந்ததும் வான் கதவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்ப் புவனத்துக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சீறினார். பூக்காலம், அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

வீட்டுக்கு வந்தபிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. அவர் என் மகனை அவ்வளவு பேச்சுப் பேசிவிட்டார். நான் அவர் மகளை ஒரு வார்த்தை பேசவில்லை. அது சரியில்லை. தவமலரிடம் துஷானியின் நம்பர் இருக்குமோ என்று கேட்டேன். அவள் பார்க்காமலே அடித்துத் தந்தாள்.

"மாமா?" என்றாள் துஷானி.

"ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் ஒரு கோல் எடுக்கேல்லை?" குரலைக் கடுமையாக வைத்துத்தான் கேட்டேன்.

"நீங்களும் எடுக்கேல்லைத்தானே, மாமா."

 எலிக்கதையைச் சொன்னேன். கூடு, பஞ்சு, வடை, அந்த மனுசியின் சப்பாத்து. சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

"மாமா, அது முதல் வருஷத்திலையிருந்தே எலி மணம்தான்" என்றாள். "அதாலைதானே நாங்கள் ரெண்டு பேரும் எப்பவும் வெளியிலை டென்ட் அடிச்சுப் படுத்தனாங்கள்."

புதிதாகக் கட்டினதுகள், தனியாக இருக்க ஆசைப்படுகுதுகள் என்று நாங்கள் நாலு பேரும் ஒவ்வொரு கோடையும் கண்ணைக் காட்டிச் சிரித்தது ஞாபகம் வந்தது.

"சொல்லியிருக்கலாமே, பிள்ளை!"

"நீங்களும் அப்பாவும் அவ்வளவு சந்தோஷமா நிண்டியள். நிரோஜ்தான் சொல்ல வேண்டாம் எண்டவர்."

ஜன்னலால் பார்த்தேன். நிரோஜன் ட்ரெய்லரின் சில்லுக்குக் கல்லு வைத்துக்கொண்டிருந்தான்.

ஜூலையில் ஏரிக்குப் போகிறோம், நீயும் வா என்றேன். நிரோஜன் வேறு கிழமை வரட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். 

"நான் இப்ப என்ன எண்டு வாறது, மாமா?"

சரியான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். மருமகள் என்பது பிழை, விருந்தாளி என்பதும் பிழை.

"டென்டோடை வா, பிள்ளை" என்றேன்.